சுருக்கிச் சொன்ன சாட்சி

மலாக்கா கோர்ட்டில் தன்னைப்போலச் சுருக்கிச் சொல்ல இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சேதுராமன் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, மாஜிஸ்திரேட்டுகளும் அப்படித்தான் நினைத்தார்கள். கள்ளுக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறவன், தன் அப்பா கப்பலேறிய கதையில் ஆரம்பித்து, தோட்டத்துக் கங்காணியான மண்டோர் செய்த அநியாயத்தில் புகுந்து, பெண்சாதி ஓடிப்போனதில் அழுது முடிப்பான். எல்லாவற்றையும் சேதுராமன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரே வரி சொல்வார். “குடித்திருந்தான், அடித்தான், வருந்துகிறான், கனம் நீதிபதி அவர்களே.” நீதிபதிக்குச் சாப்பாட்டு நேரம் தப்பாது. அபராதமும் சின்னதாகவே விழும். குற்றவாளி, ‘நம்ம கதையைக் கேட்டுட்டுத்தான் துரை இரக்கப்பட்டார்’ என்று கும்பிட்டுவிட்டுப் போவான்.

வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதியும் எப்போதும் ஒன்றுதான். “ஒத்துக்கோ. கையெடுத்துக் கும்பிடு. கதை சொல்லாதே. துரை விட்டுடுவார்.” தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சனங்களுக்கு இது புதிதல்ல. துரை முன்னால் நியாயம் பேசினவன் உதை வாங்கினான், மன்னிப்புக் கேட்டவன் வேலைக்குத் திரும்பினான். அந்த வழக்கத்தை அப்படியே கோர்ட்டுக்குள் கொண்டுவந்து, அதற்கு ஆங்கிலச் சட்டை மாட்டியவர் சேதுராமன். பெரும்பாலும் பலித்தது. பலித்ததால்தான் இந்த வினையே வந்தது.

மெர்டேக்கா என்று ஊரெல்லாம் கூவிச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அது. காஜா பெராங்கில் அவர் குடியிருந்த பலகை வீட்டின் முன் ஒரு நாள் குதிரைச் சவாரிக் கிளப்பின் கார் வந்து நின்றது. பக்கத்தில், தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டிகள் குடியிருந்த கம்பத்துப் பெண்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மலாயில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் கிளப்பில் ஒரு விசாரணை, சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாது, சேதுராமன் வந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று டிரைவர் சொன்னான். பத்து பெரெண்டாம் போகும் சாலையில் இருந்த அந்தக் கிளப்பின் வெள்ளைக் கம்பிவேலியை அவர் பஸ்ஸில் இருந்து மட்டுமே பார்த்திருந்தார். நேற்றுவரைக்கும் தமிழன் அங்கே நுழைவதென்றால் கையில் லாயம் கூட்டும் துடைப்பம் இருக்கவேண்டும்.

விஷயம் ஊருக்கே தெரியும். கிளப்பில் சேர்க்கப்பட்ட முதல் தமிழர் ஜெயபாலன். லாரிக் கம்பெனி முதலாளியின் மகன், சீமையில் படிக்கப் போய்க் குதிரை ஏறக் கற்றுக்கொண்டு திரும்பியவர். பிந்தாங் என்ற அவருடைய பழுப்புக் குதிரை, போன போட்டியில் ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் எல்லாத் தடைகளையும் தாண்டி வெள்ளைக்காரர்களின் குதிரைகளை மண் கவ்வ வைத்திருந்தது. படம் தமிழ்ப் பேப்பரில் வந்தது. முடிவெட்டும் கடையில் அதை ஒட்டியிருந்தார்கள். சேதுராமனும் வெட்டி எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார்.

ஆனால் போட்டி முடிந்ததும் அரசாங்க மிருக வைத்தியர் டாக்டர் லிம் குதிரையின் முன்னங்கால் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து கொப்புளித்திருந்தது. தடவிப் பார்த்த கையால் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் ஐயோ என்று குழாயடிக்கு ஓடினார். அரைத்த சில்லி பாடி, ஊசி மிளகாய். மிளகாய் பூசிய காலில் கட்டை லேசாக உரசினாலும் நெருப்பு வைத்ததுபோல் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்துதான் குதிரை காலை அவ்வளவு உயரம் தூக்கிற்று. ஊர் கைதட்டியது அதற்குத்தான்.

சவாரிக் கிளப்புகளுக்கெல்லாம் மேலே கோலாலம்பூரில் ஒரு சம்மேளனம் இருந்தது. குதிரையை வதைப்பதற்கு எதிராக அவர்கள் விதி எழுதி வைத்திருந்தார்கள். வதைத்தது முதலாளி என்றால், அல்லது அவர் ஏவினார் என்றால், அவர் போட்டியில் இறங்க முடியாது, குதிரையையும் அவர் லாயத்திலிருந்து அன்றே எடுத்துவிடுவார்கள். லாயத்துக் கூலியாள் தானாகச் செய்தான் என்றால் அவனுக்குத் தண்டனை, அத்தோடு விஷயம் முடிந்தது. ஆகவே, மிளகாயைத் தடவச் சொன்னது யார் என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவர் ஜெயபாலனின் லாயத்துக் குதிரைக்காரர் அப்பாசாமி. அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வராது.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் ஜெயபாலன் சேதுராமன் வீட்டுக்கு வந்தார். சேதுராமனின் மனைவி தெய்வானை கொடுத்த காப்பியை நல்ல பிள்ளையாகக் குடித்தார்.

“அண்ணே, நாளைக்கு நீங்கதான் வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம ஆளு ஒருத்தர் அங்க இருக்கிறது நல்லதுதான்லா.”

“கடமைதானே தம்பி,” என்றார் சேதுராமன்.

“அப்பாசாமி வெள்ளந்தி. வாயத் திறந்தா நிறுத்த மாட்டான். வெள்ளைக்காரங்க முன்னாடி நம்ம வீட்டுச் சண்டையெல்லாம் போட்டு உடைச்சா, நாளைக்கு இன்னொரு தமிழனை அந்த வேலிக்குள்ள விடுவாங்களா, சொல்லுங்க.”

அவ்வளவுதான். இதைச் செய் என்று அவர் கேட்கவுமில்லை, எதையும் கொடுக்கவுமில்லை. கார் போனபிறகு சேதுராமனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. ஊர்ப் பெருமை தன் நாக்கு நுனியில் இருப்பதாக அவருக்குப் பட்டது.

“அந்தத் தம்பி காப்பிக்கு வரல,” என்றாள் தெய்வானை, டம்ளரை எடுத்துக்கொண்டே.

மறுநாள் கிளப்பில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. மேசைக்கு நடுவில் கிளப்பின் தலைவர் ஹார்ட்லி துரை, முகம் வெயிலில் பழுத்த பழைய ரப்பர்த் தோட்ட மானேஜர். அவருக்குப் பக்கத்தில் சம்மேளனத்தின் சார்பில் டாக்டர் லிம். சன்னலோரம் ஜெயபாலன், கால்மேல் கால் போட்டபடி. அப்பாசாமி மட்டும் நின்றார். வெளுத்த சட்டையின் கழுத்துப் பொத்தானையும் மாட்டியிருந்தார். ஐம்பது வயசு ஆளுக்கு அது பள்ளிக்கூடப் பையனின் தோற்றத்தைக் கொடுத்தது.

வராந்தாவில் வைத்தே சேதுராமன் தன் வழக்கமான மந்திரத்தை ஓதியிருந்தார். ஒத்துக்கோ, கும்பிடு, கதை சொல்லாதே. அப்பாசாமி தலையை ஆட்டினார். உள்ளே வந்ததும் ஒத்துக்கொண்டார், கும்பிட்டார், ஆனால் நிறுத்தவில்லை.

“மொளகா அரைச்சது நான்தாங்க. தடவுனதும் இந்தக் கைதான். ஆனா தடவச் சொன்னது மொதலாளி. மொதல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்னார். வேற ஆளு வந்தா அள்ளிப் பூசுவான், அவனுக்கு என்ன தெரியும். அதான் நானே செய்யிறேன்னு நின்னேன். நான் கொஞ்சமாத் தடவுவேங்க. போட்டி முடிஞ்ச கையோட எண்ணெய் போட்டுத் தொடைச்சு, தண்ணி ஊத்தி, விடிய விடிய கால நீவி விடுவேன். அது என்னையே பாத்துக்கிட்டு நிக்கும். தப்புதாங்க. செய்யாம இருந்திருக்கணும். என்னைய என்ன வேணா செய்யுங்க. அந்தப் பிள்ளைய மட்டும் அங்கேருந்து எடுத்துருங்க.”

சேதுராமன் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயபாலனும் கேட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. அவர் சேதுராமனைப் பார்த்தார். முடிவெட்டும் கடைச் சுவரில் கண்ட அதே முகம். அதைக் கிழித்துக் குப்பையில் போடுவதா? இந்தக் கிழவன் ஒத்துக்கொண்டுவிட்டான், கும்பிட்டும் விட்டான். ஒரு கண்டிப்போடு விட்டுவிடுவார்கள். குதிரைக்காரனுக்குப் பெரிய சேதமில்லை, ஊர் மானமும் தப்பும். இவ்வளவையும் சேதுராமன் தொண்டையைச் செருமுகிற நேரத்துக்குள் கணக்குப் போட்டு முடித்தார்.

“தானே அரைத்துத் தானே தடவியதாக ஒப்புக்கொள்கிறான். மிகவும் வருந்துகிறான். கருணை காட்டும்படி கேட்டுக்கொள்கிறான்,” என்றார் ஆங்கிலத்தில்.

டாக்டர் லிம் பென்சிலை நிறுத்தினார். “அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?”

“இவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், டாக்டர்.”

இந்தப் பதிலைச் சொன்னதற்காகத்தான் பின்னால் அவர் தன்னை அதிகம் வெறுத்தார். முதலாவது வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இது பச்சைப் பொய், அதுவும் ஒரு மனிதனை மட்டம் தட்டிச் சொன்ன பொய்.

கிளப் என்பது கோர்ட்டு அல்ல என்பது தீர்ப்பு வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. சின்ன அபராதம் என்ற ஒன்று அங்கே கிடையாது. ஒப்புக்கொண்ட கூலியாள் சம்மேளனத்தின் கீழுள்ள எந்த லாயத்திலும், மலாயாவிலும் சரி சிங்கப்பூரிலும் சரி, இனி ஆயுளுக்கும் கால் வைக்கக் கூடாது. குதிரை முதலாளியிடமே இருக்கும். ஹார்ட்லி துரை வாசித்துவிட்டு, அந்த ஆளிடம் சொல்லும்படி சேதுராமனுக்குச் சைகை காட்டினார்.

இந்த முறை அவர் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தார். சுருக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்பாசாமி வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, மொதலாளி சொல்லித்தான் செஞ்சேன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்,” என்றார் சேதுராமன்.

“குதிரைய எடுத்துருங்கன்னு சொன்னத?”

“அதையும் சொன்னேன்.”

“சொல்லியும் இப்படியா?” அப்பாசாமி வேலிப் பக்கம் திரும்பினார். “சரி. நீங்க என்ன செய்வீங்க பாவம். நம்ம பக்கம் பேச ஒரு ஆளு இருந்தீங்களே, அது போதும்.” பிறகு கும்பிட்டுவிட்டு நடந்து போனார்.

சேதுராமனுக்கு அன்று கிளப் கார் வீடு வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோர்ட்டில் நின்றாலும் பாதி வார்த்தையில் நாக்கு நின்றுவிடும். சாட்சி சொன்னதையெல்லாம், இருமினதைத் தவிர, அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகவே நீதிபதிக்கு எரிச்சல், மாலையில் என்ன உடம்புக்கு என்று குமாஸ்தாக்களின் விசாரிப்பு. அலமாரியைத் திறந்தால் உள்ளே ஜெயபாலன் குதிரைமேல் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நகத்தால் சுரண்டி அந்தப் படத்தை எடுத்தார். பசை மட்டும் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாசாமியே வீடு தேடி வந்தார். புக்கிட் ரம்பாயில் சாலை போடுகிற இடத்தில் கல் சுமக்கிறாராம். தோள் தோலுரிந்திருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“எனக்காகப் பேசுனதுக்கு ஒண்ணும் தரலியேன்னு மனசு கேக்கல ஐயா.”

தெய்வானை பழத்தை வாங்கிக்கொண்டு கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க,” என்றது அவள்தான்.

அப்பாசாமி உட்காரவில்லை. “வேலி ஓரமாப் போய்ப் பாத்தேங்க. உள்ளதான் போகக்கூடாதுன்னாங்க, வெளிய நிக்கலாம்ல. புது ஆளு போட்டிருக்காங்க. நெனச்ச மாதிரிதான் ஐயா, அள்ளிப் பூசுறான். பயிற்சிக்கும் பூசுறான். கழுவுறதும் இல்ல. பிந்தாங்கு நின்ன எடத்துல கால மாத்தி மாத்தி வைக்குது, சாப்பிட மாட்டேங்குது. ஆகஸ்டு போட்டிக்குத் தயார் பண்றாங்களாம். நீங்க இன்னொரு தடவ துரைகிட்டச் சொல்லிப் பாருங்க. எனக்கு வேல வேணாம். அத மட்டும் காப்பாத்திக் குடுங்க.”

அவர் போனதும் தெய்வானை கதவைச் சாத்தினாள். “இவருக்காக நீங்க என்ன பேசுனீங்க?”

அவர் சொன்னார். நடந்ததை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்டு முடித்ததும் வாழைப்பழத்தை எடுத்து அவர் எதிரில் வைத்தாள்.

“முடிஞ்சா ஒண்ணு சாப்பிடுங்க பார்ப்போம்,” என்றாள்.

அவரால் முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஹார்ட்லி துரையைப் பார்க்கப் போனார். கிளப் ஆபீஸில் துரை தனியாக இருந்தார். சேதுராமன் ஆங்கிலத்தில், தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில், அன்று தான் ஒரு பகுதியை விட்டுவிட்டதாகச் சொன்னார். விட்டது என்ன என்று சொல்ல வாயெடுத்தபோது துரை கையை உயர்த்தினார். பிறகு தமிழில், தன்னையே ‘நாம’ என்று சொல்லும் தோட்டத்துத் துரைத் தமிழில், பேசினார்.

“சேதுராமன், நாம முப்பது வருசம் கித்தாத் தோட்டத்துல இருந்தோம். அங்க என்ன, பிரெஞ்சா பேசினோம்? அந்த ஆளு சொன்னது நமக்கு அப்பவே விளங்கிச்சு.”

தோட்டத்துத் துரைமார்கள் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர்கள் என்பது மலாயாவில் குழந்தைக்கும் தெரியும். சேதுராமனுக்கும் தெரியும். ஊர்ப் பெருமையைக் காப்பாற்றும் அவசரத்தில் அதை அவர் நினைக்கவே இல்லை.

“அப்ப ஏன் துரை…”

“ஜெயபாலன் இந்த கிளப்புல மொத ஏசியன். சேத்த வருசமே வெளிய தள்ளினா, வெள்ளைக்காரன் மெர்டேக்காவுக்கு அப்புறமும் திருந்தலைன்னு பேப்பர்காரன் எழுதுவான். கூலியாளைத் தள்ளினா ஒருத்தனும் எழுத மாட்டான். நமக்கு என்ன வழின்னு யோசிச்சுக்கிட்டிருந்தோம். நீயே காட்டின. ரொம்ப நல்லாப் பேசினே அன்னிக்கு.”

“இப்போது திருத்திச் சொல்கிறேன், விசாரணையைத் திறக்கலாமே,” என்றார் சேதுராமன். பழக்கம் விடாமல் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

துரை சிரித்தார். விசாரணையை மறுபடி திறக்கக் கேட்கும் உரிமை அங்கத்தினருக்கும் சம்மேளனத்து வைத்தியருக்கும்தான் உண்டு. அப்பாசாமி அங்கத்தினர் இல்லை. சேதுராமனும் இல்லை. அதுவும் புதிதாக ஒரு விஷயம் வந்தால்தான் திறக்கலாம்.

“இன்னொண்ணு. நீ பொய் பேசினேன்னு வெளிய சொன்னா, கோர்ட்டுல கேப்பாங்க. இத்தனை வருசத்துல இன்னும் எத்தனை பேர் பேச்சை முழுங்கினேன்னு. வீட்டுக்குப் போ. குதிரைக்கு ஒண்ணும் ஆகாது.”

துரை மிரட்டத்தான் சொன்னார். சேதுராமனுக்கோ அது மிரட்டலாகப் படவில்லை, உண்மையாகப் பட்டது. வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் அந்த முகங்கள். மாடு மேய்ந்த வழக்கில் ஏதோ சொல்லத் துடித்த கிழவர். புருசன் கையை உடைத்ததைச் சொல்லிக்கொண்டே போன பெண், “குடும்பத் தகராறு, சமாதானமாகிவிட்டார்கள்” என்று அவர் முடித்துவைத்த பெண். அவள் எப்படிக் கும்பிட்டாள்! அவர்கள் எல்லாரும் நம்பினார்கள். அவர்கள் கதையைத் தின்று அவர் பெயர் வாங்கினார். தான் நல்லது செய்ததாக இத்தனை காலம் நினைத்தாரே! தெருமுனைக் காப்பிக்கடையில் யாரோ “வாங்க சேதுண்ணே” என்று கூப்பிட்டார்கள். தலை நிமிராமல் கடந்தார்.

அடுத்த நாள் டாக்டர் லிம்மின் ஆபீஸில் போய் நின்றார். துரை முன் சொல்லவந்ததை இவரிடம் உட்காராமல் சொன்னார். லிம் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலாம்போல இருந்தது. அவர் கேட்டது ஒன்றே.

“குதிரை இன்னும் அங்கேதானே இருக்கிறது?”

“ஆமாம்.”

“நான் திறக்கச் சொல்லிக் கேட்கிறேன். உங்கள் வாக்குமூலம் மட்டும் போதாது, அந்த மனிதரே மறுபடியும் வேறு மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லவேண்டும். அதுவரை அவரிடம் பேசாதீர்கள். பேசினால் நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பார்கள்.”

பேசாதே என்று சொன்னதும் சேதுராமனுக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாசாமியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லும் வேலை தப்பியது, எல்லாம் அந்த அறையில் தானாக வெளிவந்துவிடும் என்று நம்பினார். அந்த நிம்மதியும் ஒரு கோழைத்தனம்தான். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டாம் விசாரணைக்கு மொழிபெயர்க்கத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை காமாட்சி வந்தாள். கான்வென்டில் படித்தவள், சின்ன வயசு. கோர்ட்டுப் பழக்கம் ஒன்றும் கிடையாது. யார் என்ன சொன்னாலும் வரிக்கு வரி அப்படியே சொன்னாள். ஹார்ட்லி துரை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜெயபாலன் இந்தமுறை கால்மேல் கால் போடவில்லை. சேதுராமனுக்குத் தேநீர் வரவில்லை. அவர் தன் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது, நின்றுகொண்டிருந்த அப்பாசாமிக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. சாட்சி தானாகப் பேசட்டும், அதுவரை இதை அவருக்குச் சொல்லவேண்டாம் என்று துரை கட்டளையிட்டிருந்தார்.

“உன் எசமான் ஏவித்தான் செய்தாய் என்று போன தடவை இங்கே சொன்னாயா?” என்று லிம் கேட்டதைக் காமாட்சி தமிழில் சொன்னாள்.

அப்பாசாமியின் முகம் சிவந்துவிட்டது. “சொன்னேங்க. நான் சொன்னதை ஐயாவும் உங்களுக்கு எடுத்துச் சொன்னார். எல்லாத்தையும் சொன்னேன்னு அவரு வாயாலயே எங்கிட்டச் சொன்னார். கேட்டுட்டுத்தானே என்னைய வெளிய தள்ளுனீங்க? இப்ப எதுக்குத் திரும்பக் கேக்குறீங்க? ஐயா மேல பழி போடவா? அவரு எதையும் மறைக்கிற ஆளு இல்ல.”

காமாட்சி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹார்ட்லி துரை நாற்காலியில் சாய்ந்தார். “சாட்சியே சொல்கிறான். போன விசாரணையில் எல்லாம் நம் முன் வைக்கப்பட்டது, நாம் கேட்டோம், தீர்ப்புச் சொன்னோம். திரு. சேதுராமன் ஏதோ மனக்குழப்பத்தில் வந்திருக்கிறார். இதில் புதிய விஷயம் எதுவுமில்லை. எழுந்துவிடலாமா, டாக்டர்?”

டாக்டர் லிம் சேதுராமனைப் பார்த்தார். தான் அன்று அதைக் கேட்கவில்லை என்று லிம் சொன்னாலும், கேட்டோம் என்று தலைவரும் சொன்னார் என்று சாட்சியும் சொல்லும்போது அது எடுபடாது, தன் கையில் வேறு ஒன்றுமில்லை என்று அந்தப் பார்வையே சொன்னது. ஜெயபாலன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துரை நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

சேதுராமன் எழுந்தார். யாரையும் அனுமதி கேட்கவில்லை. அப்பாசாமியின் எதிரே போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை.

“அப்பாசாமி, நீங்க சொன்னத நான் சொல்லல,” என்றார் தமிழில். அந்த மனிதரை அவர் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. “முதலாளி ஏவினார்ங்கிறதையும் சொல்லல. குதிரைய எடுத்துருங்கன்னு சொன்னதையும் சொல்லல. நீங்களே செஞ்சீங்க, மன்னிப்புக் கேக்கிறீங்கன்னு மட்டும் சொன்னேன். வெளிய வந்து எல்லாத்தையும் சொன்னேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

அறையில் காமாட்சியின் குரல் மட்டும் கேட்டது. அவள் இதையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் லிம் எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு விதிப்படி நடக்கவேண்டியது நடந்தது. ஜெயபாலனைப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். அன்று சாயங்காலமே பிந்தாங்கை அரசாங்கப் பண்ணைக்கு லாரியில் ஏற்றினார்கள். தடவிய கை அப்பாசாமியுடையது என்பதால் அவருக்குப் போட்ட தடையை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சேதுராமனைக் கோர்ட்டிலிருந்து விலக்கும் கடிதம் சில வாரம் கழித்து வந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. லிம் எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அப்பாசாமி சேதுராமனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று சேதுராமன் காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தார். வேலை போனதையும் தோல் உரிந்த தோளையும்பற்றி அப்பாசாமி ஒன்றுமே பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இத்தனை நாளும் அந்தப் பிள்ளைக்குக் காலு எரிஞ்சது, உங்களாலயா ஐயா?”

இதையும் சொல்லவேண்டுமா என்பதுபோல் காமாட்சி மேசையைப் பார்த்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் ஆங்கிலத்தில் அதைச் சொன்னாள், ஒரு சொல்கூட விடாமல். சேதுராமன் கவனமாகக் கேட்டார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.